குடும்ப மருத்துவர் ஒப்பந்தம் மாறும்போது: கடிதத்தை வாசிப்பதும் சர்ஜரியை ஆயத்தப்படுத்துவதும்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், ஏப்ரல் 1 முதல் ஒப்பந்தத்தில் என்னென்ன மாறுகிறது என்பதை அறிவிக்கும் கடிதம் ஒன்று இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களுக்கு வருகிறது. நாளிதழ்கள் அதிலுள்ள மிகப் பெரிய தொகையை எடுத்துத் தலைப்பில் இடுகின்றன. சர்ஜரி என்று இங்கே வழங்கும் குடும்ப மருத்துவ நிலையத்திலும் முதல் பேச்சு அந்தத் தொகையைப் பற்றியதாகவே இருக்கும். 2025 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் அது 88.9 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் ஒப்புதலோடு நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக வந்த ஒப்பந்தம் என்பதால் அப்போது இரு தரப்பும் அதை வரவேற்றன. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் சங்கம் அரசோடு மீண்டும் தகராறில் இறங்கியது. தகராறுக்குக் காரணம் தொகை அன்று. இணையவழிக் கோரிக்கைப் படிவம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்ற ஒற்றை விதியே.

ஒப்பந்தக் கடிதத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. ஒப்பந்த மாற்றம் என்பது மருத்துவரின் நிமிடங்களை ஒரு வேலையிலிருந்து எடுத்து இன்னொரு வேலைக்குத் தருவது. எந்த நிமிடம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுகொண்டால், அந்த மாற்றத்தால் மருத்துவரின் வேலைநாள் என்ன ஆகும், எந்த நோயாளிக்கு நன்மை, எந்த நோயாளிக்குக் காத்திருப்பு என்ற மூன்றும் சேர்ந்தே புலப்படும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்து இங்கே குடும்ப மருத்துவத்தில் பங்குதாரராகவோ சம்பள மருத்துவராகவோ பணிபுரிவோரையும், சர்ஜரி மேலாளர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நோயாளிகளுக்கு வேண்டியதும் இடையில் வரும்.

எந்தத் தாள் உங்களைக் கட்டுப்படுத்துகிறது

கடிதம் வெறும் அறிவிப்பு. உங்களைக் கட்டுப்படுத்துபவை வேறு தாள்கள். சர்ஜரி செய்தே ஆக வேண்டிய பணிகள் 2015ஆம் ஆண்டின் பொது மருத்துவச் சேவை ஒப்பந்த ஒழுங்குவிதிகளில் இருக்கின்றன. ஒப்பந்தம் மாறும்போது அந்த விதிகளுக்குத் திருத்தம் வரும். எந்தப் பணிக்கு எவ்வளவு பணம், எந்த நிபந்தனையில் என்பது நிதி உரிமை அறிக்கையில் இருக்கிறது. பல சர்ஜரிகள் சேர்ந்த பி.சி.என். எனப்படும் வலையமைப்பு செய்ய வேண்டியவை அதற்கான தனி விவரக்குறிப்பில் இருக்கின்றன. எனவே கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது இவற்றுள் எதில் போய்ச் சேரப்போகிறது என்று எழுதிக்கொள்வதே முதல் வேலை. திருத்தப்பட்ட விதி கடிதத்துக்குச் சில வாரங்கள் கழித்தே வரக்கூடும். கடிதத்தில் இனிமையாகச் சொல்லப்பட்ட ஒன்று விதியின் நடையில் கடுமையாக மாறியிருப்பதும் உண்டு. விதி வந்த பிறகு அந்த வரிகளை மறுபடியும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிப் பிரிப்பதன் பயன் உடனே தெரியும். முதல் வகையில் வருவதை நீங்கள் மறுக்க இயலாது. சட்டவிதி மாறினால், உங்கள் சம்மதம் இல்லாமலே எழுத்துமூல அறிவிப்பின் வழியாக ஒப்பந்தத்தைத் திருத்த, அதை அரசின் சார்பில் நிர்வகிக்கும் ஆணையக வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. கையெழுத்திடாமல் இருப்பதால் திருத்தம் நின்றுவிடாது. வலையமைப்பின் பணிகளும் கூடுதல் சேவைகளும் அப்படியல்ல. அவற்றில் சேர்வதும் விலகுவதும் சர்ஜரியின் விருப்பம், விலகுவதற்கான கால அவகாசமும் அந்த விவரக்குறிப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ‘எல்லாமே கட்டாயம்’ என்று எண்ணி மூச்சுத் திணறும் சர்ஜரிகளையும், ‘நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லையே’ என்று வாதிட்டுக்கொண்டு மே மாதத்தில் விதிமீறல் அறிவிப்பு வாங்கும் சர்ஜரிகளையும் ஒருங்கே காண முடிகிறது. இரண்டுக்கும் மூலம் இந்தப் பிரிவினையைச் செய்யாமல் விட்டதுதான்.

இவை இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை என்பதையும் நினைவில் கொள்க. ஸ்காட்லாந்து 2016இலேயே புள்ளிமுறை ஊக்கத்தொகையைக் கைவிட்டு, 2018ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் தடுப்பூசிப் பணியைச் சர்ஜரிகளிடமிருந்து சுகாதார வாரியங்களுக்கு மாற்றிவிட்டது. நகரத்து மருத்துவருக்கு அது பாரக்குறைப்பு. ஊசிக்காக நெடுந்தொலைவு பயணிக்க நேர்ந்த கிராமத்து முதியவருக்கு அது வேறு விஷயமாக இருந்தது. ஒரே விதி இரண்டு ஊர்களில் இரண்டு முகம் காட்டும் என்பதால், மாற்றத்தை உங்கள் சர்ஜரியின் நோயாளிப் பட்டியலை முன்னால் வைத்தே எடைபோட வேண்டும்.

பணம் வரும் வழி

1948இல் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.ஹெச்.எஸ். தொடங்கியபோதே குடும்ப மருத்துவர்கள் அரசு ஊழியர்களாகச் சேராமல் தனி ஒப்பந்தக்காரர்களாக நின்றுகொண்டார்கள். இன்றும் பங்குதாரர் மருத்துவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. சர்ஜரிக்கு வரும் வருவாயில் பணியாளர் சம்பளம், வாடகை, மின்கட்டணம், காப்பீடு அனைத்தும் போக மிஞ்சுவதே அவரது வருமானம். ஆகவே ஒப்பந்தத்தில் செய்யும் எந்த மாற்றமும் முதலில் இந்த மிச்சத்தில்தான் இடிக்கும். மிச்சம் சுருங்கினால், விலகும் செவிலியரின் இடம் நிரப்பப்படாமல் போவது, விடுப்புக்கால மாற்று மருத்துவரை அமர்த்தாமல் விடுவது என்று அது நோயாளியை வந்தடையும்.

பணம் வரும் முதல் வழி, குளோபல் சம் எனப்படும் அடிப்படைத் தொகை. 2025 ஏப்ரலில் அது எடையிட்ட நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 121.79 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டது. எடையிடுவது என்பது கார்-ஹில் சூத்திரத்தின் வேலை. வயது, பாலினம், முதியோர் இல்லத்தில் வசிப்போர், பட்டியலில் புதிதாகச் சேர்ந்தோர், நீண்டகால நோயின் அளவு, ஊழியர்ச் செலவு, ஊரின் தொலைவு ஆகியவற்றை வைத்து உங்கள் 10,000 நோயாளிகளை அது 9,200 என்றோ 10,700 என்றோ கணக்கிடும். வறுமையை நேரடியாக அது எடையிடுவதில்லை. மொழிபெயர்ப்பாளரோடு நடக்கும் சந்திப்புக்கு இரட்டிப்பு நேரம் ஆகும் என்பதும் அதற்குத் தெரியாது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ தமிழ் முதியோர் மிகுந்த ஒரு சர்ஜரி, அதே வயதுடைய ஆங்கிலம் பேசும் முதியோர் மிகுந்த சர்ஜரியைவிட நீண்ட நேரம் உழைத்தும் அதற்காகக் கூடுதல் எடை பெறுவதில்லை. இச்சூத்திரத்தை மறுஆய்வு செய்வதாக 2025இல் அரசு அறிவித்தது. எனவே அறிவிப்பில் நாட்டுச் சராசரியைப் பார்த்து மகிழாமல், உங்கள் எடையிட்ட எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வழி, நோய்ப் பராமரிப்பின் அளவுகோல்களை எட்டுவதற்கேற்பப் பணம் தரும், க்வாஃப் என்று சர்ஜரிகளில் சுருக்கமாக வழங்கும் தரப் புள்ளிமுறை. மூன்றாம் வழி, வலையமைப்பின் மூலம் வரும் பணம். அதில் பெரும்பகுதி கூடுதல் பணியாளர்களின் சம்பளத்தை ஈடுசெய்யும் ஏ.ஆர்.ஆர்.எஸ். திட்டத்துக்கு உரியது. நான்காவது, தடுப்பூசி போன்று ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே கிடைப்பது. வழி எது என்பதைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாற நேரும். ஏ.ஆர்.ஆர்.எஸ். இதற்கு நல்ல பாடம். 2019இல் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ் மருந்தாளுநர், இயன்முறை சிகிச்சையாளர் முதலியோரை அமர்த்தினால் சம்பளம் திரும்பக் கிடைத்தது. குடும்ப மருத்துவரையோ சர்ஜரிச் செவிலியரையோ அமர்த்தினால் கிடைக்கவில்லை. விளைவாக, மருத்துவருக்காக நோயாளிகள் காத்திருந்த அதே ஊரில், பயிற்சி முடித்த இளம் மருத்துவர்கள் வேலை தேடி அலைந்தார்கள். 2024 அக்டோபரில்தான் 8.2 கோடி பவுண்டு ஒதுக்கிப் புதிய மருத்துவர்களையும் அத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில் சர்ஜரிச் செவிலியர்களும் சேர்க்கப்பட்டனர். பணம் இருந்தது, அது செலவாகக்கூடிய இடத்தில்தான் பூட்டு இருந்தது. கடிதத்தில் ஒரு தொகையைக் கண்டால், அதை எதற்குச் செலவிட அனுமதி, செலவிடாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் அருகிலேயே எழுதுங்கள்.

இனி, ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்து வந்து அதன் பயனைத் தின்றுவிடும் செலவைக் கழிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வேலைதருநர் செலுத்தும் தேசியக் காப்பீடு 13.8 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்தது. அது தொடங்கும் சம்பள வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கு 30,000 பவுண்டு பெறும் ஒரு பணியாளருக்குச் சர்ஜரி முன்பு 2,884 பவுண்டு கட்டியது, பின்னர் 3,750. கூடுதல் 866 பவுண்டு. 12,000 பவுண்டுக்குப் பகுதிநேரமாக வரவேற்பு மேசையில் இருப்பவருக்கோ முன்பு கட்டியது 400 பவுண்டு, இப்போது 1,050. விகிதத்தில் பார்த்தால் அடி பகுதிநேரப் பணியாளர்மேல்தான் பலமாக விழுகிறது, சர்ஜரிகளோ பெரும்பாலும் பகுதிநேரப் பணியாளர்களால் ஓடுபவை. சிறு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் வேலைதருநர் சலுகை, பொதுத்துறைப் பணியே பெரும்பகுதி என்ற காரணத்தால், சர்ஜரிகளுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. அதே மாதத்தில் குறைந்தபட்ச ஊதியமும் மணிக்கு 11.44இலிருந்து 12.21 பவுண்டாக உயர்ந்தது. உங்கள் ஊதியப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் கூட்டினால்தான் அடிப்படைத் தொகையின் உயர்வில் எவ்வளவு உண்மையில் மிஞ்சுகிறது என்பது தெரியும். ஒரு மாலை நேரத்து வேலைதான். கணக்காளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நிமிடக் கணக்கு

பணத்தை முடித்த பிறகு, கடிதத்திலுள்ள ஒவ்வொரு புதிய கடமைக்கும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் செய்பவர் யார், ஒரு முறைக்கு எத்தனை நிமிடம், அந்த நிமிடம் இப்போது எந்த வேலையில் இருக்கிறது. மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்கு நேர்மையான விடை பெரும்பாலும் ‘மாலை ஏழு மணிக்குப் பிறகு, வீட்டில், மடிக்கணினியில்’ என்பதாக இருக்கும்.

தகராறுக்கு உள்ளான இணையப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். சர்ஜரியின் ஒப்பந்த நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6.30 வரை, அதாவது வாரம் 52.5 மணி. பல சர்ஜரிகள் அன்றைக்குப் பார்க்கக்கூடிய அளவுக்குக் கோரிக்கைகள் வந்ததும் படிவத்தை மூடி வந்தன. 2025 அக்டோபர் 1 முதல் அவசரமற்ற சந்திப்பு, மருந்து பற்றிய வினா, நிர்வாகக் கோரிக்கை ஆகியவற்றுக்குப் படிவம் ஒப்பந்த நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. முன்பு நண்பகலில் மூடிய சர்ஜரியாக இருந்தால் வாரத்துக்கு 32.5 மணி நேரம் கூடுதலாகக் கதவு திறந்திருக்கும். கதவுக்கு உள்ளே இருக்கும் மருத்துவர்களின் எண்ணிக்கை அதேதான். ஒரு படிவத்தைப் படித்து, பழைய பதிவைப் புரட்டி, யாரிடம் அனுப்புவது என்று முடிவுசெய்ய 3 நிமிடம் என்று கொண்டாலும், நாளுக்கு 80 படிவங்கள் வந்தால் 4 மணி நேரம் ஆகிறது. மருத்துவரின் ஓர் அமர்வு என்பதே 4 மணி 10 நிமிடம். ஆக, நோயாளி எவரையும் காணாமலே ஒரு மருத்துவரின் ஓர் அமர்வு, அவசரத்தைப் பார்த்து யாரை யாரிடம் அனுப்புவது என்று பிரிக்கும் ட்ரையாஜுக்குப் போகிறது.

மருத்துவர்களின் அச்சம் நேரத்தைப் பற்றியது மட்டுமன்று. செவ்வாய்க்கிழமை மாலை 5.40க்கு ஒரு படிவம் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகை என்ற இடத்தில் ‘மருந்துச் சீட்டு’ என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. முதல் மூன்று வரிகளும் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது பற்றியவை. கடைசி வரியில், மாடி ஏறும்போது மூன்று நாளாக நெஞ்சு இறுகுகிறது, வாயுவாக இருக்கலாம் என்று இருக்கிறது. அந்த வரியை 6.30க்குள் யார் படிக்கப்போகிறார்கள்? படிவத்தில் நோயாளி தேர்ந்தெடுக்கும் வகை அவரது கவலையின் வகையே தவிர நோயின் வகை அன்று. எனவே படிவத்தை நாள் முழுவதும் திறக்குமுன் செய்ய வேண்டியவை உண்டு: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் முகக்கோணல், தற்கொலை எண்ணம் போன்றவற்றை முதல் திரையிலேயே வினவி, ஆம் என்றால் தொலைபேசிக்கோ 999 என்ற அவசர உதவி எண்ணுக்கோ திருப்பிவிடும் அமைப்பு, மாலை 4 மணிக்குப் பின் வரும் படிவங்களை மட்டும் பார்க்கப் பெயர் குறித்து ஒதுக்கப்பட்ட ஒரு மருத்துவர், அவருக்கு அன்று கடைசி ஆறு சந்திப்புகள் பதிவாகாமல் தடுத்துவைக்கப்பட்ட நேரம். கடைசியில் சொன்னதைச் செய்யாமல் முதல் இரண்டை மட்டும் செய்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அந்த மருத்துவர் நோயாளி முன்னால் உட்கார்ந்துகொண்டே திரையின் ஓரத்தில் படிவங்களை மேய வேண்டிவரும்.

க்வாஃப் மாற்றங்களுக்கு வேறு வகைக் கணக்கு வேண்டும். 2004இல் 1,050 புள்ளிகளுடன் தொடங்கிய அம்முறை, முதல் ஆண்டிலேயே சர்ஜரிகள் சராசரியாக 90 விழுக்காட்டுக்கு மேல் எட்டிப்பிடித்து, ஒதுக்கிய பணத்தைத் தாண்டிச் செலவு வைத்து, அரசைத் திகைக்கவைத்தது. பணம் எங்கே இருக்கிறதோ அங்கே பதிவு நன்றாக நடக்கும் என்பதற்கு அது சான்று. மறுபக்கமும் உண்டு: சில அளவுகோல்களிலிருந்து ஊக்கத்தொகையை நீக்கிய பின் அவற்றின் பதிவுத்தரம் சட்டென்று இறங்கியதை 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. 2025 ஏப்ரலில் 32 அளவுகோல்கள் நீக்கப்பட்டன. அவற்றின் 212 புள்ளிகளில் 141 புள்ளிகள் இதய, இரத்தக்குழாய் நோய்த்தடுப்புக்கு மாற்றப்பட்டன. உங்கள் சர்ஜரியில் செய்ய வேண்டியது, நீக்கப்பட்டவற்றின் பட்டியலை எடுத்து, ‘பணம் இல்லாவிட்டாலும் இதை நிறுத்தினால் நோயாளிக்குத் தீங்கு’ என்பனவற்றைத் தனியே குறித்து, அவற்றுக்கான நினைவூட்டல் அழைப்புகளைக் கணினியிலிருந்து நீக்காமல் வைப்பது. மற்றவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம். மருத்துவ அறிவுக்குப் பயன்படாமல், கட்டத்தை நிரப்புவதற்காகவே கேட்ட கேள்விகளை விட்டொழிப்பதில் குற்ற உணர்ச்சி எதற்கு?

நிபுணரிடம் அனுப்புமுன் எழுத்தில் ஆலோசனை பெறும் முறைக்கு ஒரு கோரிக்கைக்கு 20 பவுண்டு தரும் ஏற்பாடு 2025இல் வந்தது. நோயாளிக்கு இதில் மெய்யான நன்மை உண்டு. பல மாதம் காத்திருக்க வேண்டிய மருத்துவமனைச் சந்திப்புக்குப் பதில் சில நாளில் நிபுணரின் கருத்து கிடைத்துவிடும். ஆனால் கணக்கில் எழுத வேண்டியது கோரிக்கையை எழுதும் நேரத்தை மட்டுமன்று. நிபுணர் ‘இந்த இரத்தப் பரிசோதனைகளைச் செய்து, இந்த மருந்தைத் தொடங்கி, ஆறு வாரத்தில் மறுபடி பாருங்கள்’ என்று பதில் எழுதினால், அந்த மூன்று வேலைகளும் சர்ஜரிக்குள் நடப்பவை. ஒரு மாதத்துப் பதில்களில் இருபதை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை சந்திப்புகளாக விரிந்தது என்று எண்ணிப்பாருங்கள். 20 பவுண்டு லாபமா நட்டமா என்பது அதில் தெரியும். நட்டமாக இருந்தாலும் சில நோயாளிகளுக்காக அதைச் செய்வது சரியாக இருக்கலாம், அதைத் தெரிந்தே செய்ய வேண்டும் என்பதுதான் பொருள்.

இந்தக் கணக்கெல்லாம் பாதுகாப்பு எல்லை ஒன்றுக்குள் அடங்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு மருத்துவருக்கு 25 நோயாளித் தொடர்புகளுக்கு மேல் போகாமல் இருப்பதே பாதுகாப்பானது என்பது மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. 2024 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய, குடும்ப மருத்துவர்களின் கூட்டு எதிர்ப்பு நடவடிக்கையில் சர்ஜரிகள் தேர்ந்தெடுக்கக்கூடியதாக அது வைக்கப்பட்டது. அது ஒப்பந்த விதி அன்று, ஒப்பந்தத்தை மீறுவதும் அன்று. நோயாளிகளின் நியாயமான தேவைக்கு ஏற்பச் சேவை தர வேண்டும் என்றே ஒப்பந்தம் சொல்கிறது. புதிய கடமைகளை எழுதிக் கூட்டிய பின் ஒரு மருத்துவரின் நாள் அந்த எல்லையைத் தாண்டினால், எதைக் கைவிடுவது என்ற பேச்சை ஏப்ரலுக்கு முன்பே பங்குதாரர்கள் கூடிப் பேசி, முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

சம்பள மருத்துவர் தனியே கவனிக்க வேண்டியது

என்.ஹெச்.எஸ். சர்ஜரியோடு செய்வது ஓர் ஒப்பந்தம். சர்ஜரி உங்களோடு செய்திருப்பது இன்னொன்று. முதலாவது மாறியதால் இரண்டாவது தானாக மாறிவிடாது. பொது மருத்துவச் சேவை ஒப்பந்தமுள்ள சர்ஜரி, தன் சம்பள மருத்துவருக்கு மருத்துவச் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தத்தைவிடக் குறைவான நிபந்தனைகளைத் தரக்கூடாது. அம்மாதிரியில் முழுநேரம் என்பது வாரம் 37.5 மணி, அதாவது ஒன்பது அமர்வுகள்; அதில் 4 மணி நேரம் தொழில்சார் கல்விக்கு உரியது. சந்திப்புகள் மட்டுமன்றி மருத்துவமனைக் கடிதங்கள், பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாமே அந்த மணி நேரத்துக்குள் முடிய வேண்டியவை.

ஆகவே மார்ச்சில் ‘எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் படிவம் பார்ப்போம்’ என்று கூட்டத்தில் சொல்லப்படும்போது, மறுப்போ சண்டையோ இன்றி, பணித்திட்டத்தைப் புதுப்பித்துத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். இரண்டு வாரம் உங்கள் வேலையைக் கால்மணிக் கணக்கில் குறித்துவைத்திருந்தால் பேச்சு வேகமாக முடியும். வாரம் நான்கு அமர்வு மட்டும் செய்பவர்கள், பெரும்பாலும் இளம் தாய்மார், இதைக் கேட்கத் தயங்குகிறார்கள்; கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை சம்பளமில்லாத ஐந்தாம் அமர்வாக வந்து நிற்கும். பெரியவர் சொன்னால் மறுபேச்சு பேசாத பழக்கத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு இது இன்னும் கடினம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோயாளிமேல் விழும் மாற்றம்

1966இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம். அதற்கு முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 18,000 குடும்ப மருத்துவர்கள் தேதியிடாத பதவி விலகல் கடிதங்களைச் சங்கத்திடம் கொடுத்துவைத்துப் பேரம் பேசியதன் பயனாக, பணியாளர் சம்பளத்தில் 70 விழுக்காட்டை அரசே ஈடுசெய்யும் என்பது ஒப்பந்தத்தில் ஏறியது. மனைவியைக் கதவு திறக்கவும் தொலைபேசி எடுக்கவும் வைத்துத் தனியே நடத்திய மருத்துவர்கள், வரவேற்புப் பணியாளரையும் செவிலியரையும் அமர்த்தி, கூட்டாகச் சர்ஜரி நடத்தத் தொடங்கினார்கள். மருத்துவர் தரப்பின் கோரிக்கை நோயாளிக்கும் நன்மையாக முடிந்தது. 2004ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அப்படி ஒரே திசையில் செல்லவில்லை. சராசரியாக ஏறக்குறைய 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்தால் இரவு, வார இறுதிப் பொறுப்பிலிருந்து மருத்துவர் விலகலாம் என்றதும் பெரும்பாலோர் விலகினார்கள். தூக்கமின்றி மறுநாள் காலை நோயாளி பார்த்தவர்களுக்கு அது நியாயமான விடுதலை. இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தெரிந்த குரல் எடுக்கும் என்று நம்பியிருந்த பெற்றோருக்கு ஓர் இழப்பு. இரண்டும் உண்மை.

இன்றைய மாற்றங்களில் அதிகம் இழக்கப்படுவது, ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பது என்பதே என் எண்ணம். விரைவாக யாரையேனும் பார்க்கவைப்பதற்குப் பணமும் அளவுகோலும் இருக்கின்றன. தெரிந்தவரைப் பார்க்கவைப்பதற்கு அந்த அளவுக்கு இல்லை. நார்வேயில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, 15 ஆண்டுகளுக்கு மேல் அதே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களுக்கு, ஓராண்டே இருந்தவர்களைவிட அவசர மருத்துவமனைச் சேர்க்கை 28 விழுக்காடும் இறப்பு 25 விழுக்காடும் குறைவு என்று கண்டது. எனவே எந்த மாற்றத்தையும் நடைமுறைப்படுத்தும்போது, எண்பது வயதைக் கடந்தவர்கள், பல நோய்கள் உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள், இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றைப் போட்டு, அவர்களது பதிவின் மேல் அவரவர் மருத்துவரின் பெயரை ஒட்டி, அவர்களை மட்டும் பொது ட்ரையாஜுக்குள் தள்ளாமல் விடுங்கள். பட்டியலில் பத்தில் ஒருவர் இருந்தாலே போதும். முதுகுவலிக்கு ஒருமுறை வந்துபோகும் முப்பது வயதுக்காரருக்கு யார் பார்த்தாலும் சரியே.

நோயாளியாகவோ நோயாளியின் பிள்ளையாகவோ இதைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. 2023 முதல், நீங்கள் தொடர்புகொண்ட முதல் தடவையிலேயே உங்கள் தேவை மதிப்பிடப்பட வேண்டும் அல்லது பொருத்தமான இடத்துக்கு வழிகாட்டப்பட வேண்டும். ‘நாளைக் காலை எட்டு மணிக்கு மறுபடி போன் பண்ணுங்கள்’ என்பது ஒப்பந்தத்துக்கு உடன்பட்ட பதிலன்று. இதன் பொருள் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்பதும் அன்று. இணையப் படிவம் வந்துவிட்டதால் தொலைபேசியும் நேரில் செல்வதும் மூடப்பட்டுவிடவில்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய இயலாத அம்மா நேராகப் போய் மேசையில் கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். அதை ஒருமுறை கேட்டு அவரது பதிவில் ஏற்றச்சொல்லிவிட்டால், அடுத்த தடவை இரட்டைச் சந்திப்பு நேரம் ஒதுக்கச் சர்ஜரிக்கும் வசதி. ஒவ்வொரு சர்ஜரியிலும் நோயாளி பங்கேற்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்த விதியே. தமிழர் மிகுந்த இடங்களிலும் அக்குழுக்களில் நம்மவர் முகங்களைக் காண்பது அரிதாக இருக்கிறது.

ஏப்ரலுக்கு முன்னும் பின்னும்

மாற்றம் நல்லதா கெட்டதா என்று செப்டம்பரில் வாதிடுவதற்கு, மார்ச்சில் எடுத்த எண்கள் கையில் இருக்க வேண்டும். மார்ச் மாதத்தின் இரண்டு சாதாரண வாரங்களைத் தேர்ந்தெடுத்து, காலை 8 முதல் 9 வரை வந்த அழைப்புகளும் காத்திருந்த நேரமும், மணிவாரியாக வந்த படிவங்கள், வழக்கமான சந்திப்புக்கு இருக்கும் மூன்றாவது காலியிடம் எத்தனை நாளில், தங்கள் சொந்த மருத்துவரையே பார்த்த நோயாளிகளின் விகிதம், மாலை 6.30க்குப் பார்க்கப்படாமல் நின்ற கடிதங்களும் முடிவுகளும் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். அழைப்பும் படிவமும் கணினியே தந்துவிடும். கடைசி இரண்டையும் ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். ஜூலையிலும், இணையப் படிவம் போன்ற விதி நடுவாண்டில் தொடங்கினால் அதற்கு மறுமாதத்திலும், அதே எண்களை அதே முறையில் எடுங்கள். முறையை இடையில் ‘மேம்படுத்தினால்’ ஒப்பீடு பாழாகிவிடும்.

மருத்துவர் ஊதிய மறுஆய்வுக் குழுவின் பரிந்துரை ஏப்ரலுக்குப் பிறகு ஏற்கப்படுவதும் உண்டு என்பதும், அப்போது உயர்வு ஏப்ரலிலிருந்து பின்தேதியிட்டு வரும் என்பதும் பணக்கணக்கில் மனத்தில் இருக்கட்டும். ஏப்ரலில் பணம் போதவில்லை என்று ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, ஆகஸ்டில் வந்த தொகையை வைத்துக்கொண்டு ஆள் தேடுவது இரட்டை நட்டம்.

எண்கள் மோசமாகிவிட்டன என்று தெரிந்தால், எல்.எம்.சி. எனப்படும் உள்ளூர் மருத்துவக் குழுவிடம் கொண்டுபோங்கள். சர்ஜரிகள் தங்கள் பங்குத் தொகையால் நடத்தும், வாரியத்தோடு பேசச் சட்ட அங்கீகாரம் உள்ள அமைப்பு அது. ‘தாங்க முடியவில்லை’ என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும். மாறிய விதியின் எண், மார்ச் எண், ஜூலை எண், நடந்த ஓரிரு பாதுகாப்புச் சம்பவங்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதினால், அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைமேல் வைக்கத்தக்க சான்றாக அது ஆகும். சம்பவங்களை எழுதும்போது நோயாளியின் பெயர், பிறந்த தேதி, என்.ஹெச்.எஸ். எண் ஆகியவற்றை நீக்கி, வயதைப் பத்தாண்டு வரம்பில் மட்டும் குறிப்பிடுங்கள். சிறிய ஊராக இருந்தால் தொழிலையும் நீக்குவது நல்லது. அதே பக்கத்தின் படியை உங்கள் பங்கேற்புக் குழுவுக்கும் கொடுங்கள், ஏனெனில் காத்திருப்பு ஏன் நீண்டது என்ற கேள்வி வரவேற்பு மேசையில் இருப்பவரை நோக்கித்தான் முதலில் வரும், அவருக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.